டென்வர் போஸ்ட்: லாபம் வந்துகிட்டிருந்த பேப்பர்ல ஏன் ஆள் குறைச்சாங்க

2018 மார்ச் 14. அமெரிக்காவுல கொலராடோ மாநிலத் தலைநகர் டென்வர்ல, டென்வர் போஸ்ட் பேப்பரோட ஆசிரியர் லீ ஆன் கோலசியோப்போ நியூஸ்ரூம்ல இருந்த எல்லாரையும் கூட்டி, இன்னும் 30 பேர் போகணும்னு சொன்னாங்க. அப்போ அங்க மிச்சமிருந்ததே சுமார் 100 பேர்தான். ரிப்போர்ட்டர், போட்டோகிராபர், டெஸ்க்ல உக்காந்து காப்பி பாக்குறவங்க, ஸ்போர்ட்ஸ், ஆன்லைன் எல்லாம் சேர்த்துதான் அந்த நூறு. ஏழு லட்சம் பேர் இருக்குற ஊரு, சுத்துப்பட்டு புறநகரெல்லாம் சேர்த்தா முப்பது லட்சத்துக்குப் பக்கம், அதுக்கு மேல மாநிலம் முழுக்க பெரிய செய்தின்னா இந்த பேப்பரைத்தான் பாப்பாங்க, அப்படிப்பட்ட பேப்பர்ல ஆசிரியர் குழு 70க்கும் கீழ போகுது.

பேப்பர் ஆபீஸ்ல ஆள் குறைப்புன்னு நியூஸ் வந்தாலே நம்ம எல்லாருகிட்டயும் ஒரு பதில் ரெடியா இருக்கும், இன்டர்நெட் வந்துடுச்சு, விளம்பரம் போயிடுச்சு, இப்ப யாரு பேப்பர் வாங்குறா, ஓனர் என்ன பண்ணுவாருன்னு. டென்வர் கேஸை உக்காந்து படிச்சா அந்த பதில் பாதி வழி வரைக்கும்தான் வரும்னு புரியும். மீதி பாதி ஓனர் எடுத்த முடிவு. அதைத்தான் கொஞ்சம் விரிவா எழுதணும்னு நினைச்சேன்.

முதல்ல சரிவு உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்ல. அமெரிக்க பேப்பர்களோட விளம்பர வருமானம் 2005ல சுமார் 4,900 கோடி டாலர், 2018ல அது 1,400 கோடி டாலர் பக்கம் வந்துடுச்சு. முதல்ல அடி வாங்குனது வரி விளம்பரம். வீடு வாடகைக்கு, பழைய கார் விற்பனைக்கு, ஆள் தேவைன்னு வர்ற நாலு வரி விளம்பரம்தான் ஊர்ப் பேப்பருக்கு சோறு போட்டுச்சு, அதை கிரெய்க்ஸ்லிஸ்ட் மாதிரி சைட்டுங்க இலவசமாவே போட விட்டதும் அந்தப் பணம் வேற எங்கயும் மாறிப் போகல, அப்படியே காணாமப் போச்சு. மிச்ச விளம்பரத்தை கூகுளும் ஃபேஸ்புக்கும் எடுத்துக்கிச்சு. பியூ ஆய்வு மையத்தோட கணக்குப்படி 2008ல அமெரிக்க பேப்பர் நியூஸ்ரூம்கள்ல சுமார் 71,000 பேர் வேலை பாத்தாங்க, 2020ல 31,000. பாதிக்கும் மேல போயிடுச்சு.

டென்வருக்கு இது புதுசும் இல்ல. அந்த ஊர்ல ரெண்டு பெரிய பேப்பர் இருந்துச்சு, 1859ல தொடங்குன ராக்கி மவுண்டன் நியூஸ், 1892ல தொடங்குன டென்வர் போஸ்ட். நூறு வருஷத்துக்கு மேல ஒருத்தரை ஒருத்தர் ஒழிச்சுக் கட்டணும்னே நடத்துனாங்க. 1990கள்ல இந்தச் சண்டை எந்த அளவுக்குப் போச்சுன்னா ஒரு நாளைக்கு ஒரு சென்ட் கணக்குல, வருஷத்துக்கு மூணே முக்கா டாலருக்கும் கம்மியா சந்தா கொடுத்தாங்க, பேப்பர் அச்சடிச்ச காகிதத்துக்குக் கூட அது காணாது, ஆனா சர்குலேஷன் ஏறுனா விளம்பர ரேட் ஏத்தலாம்னு ஒரு கணக்கு. கடைசில ரெண்டு பேருக்கும் முடியல, 2001ல அச்சடிப்பு, விளம்பரம், விநியோகம் எல்லாத்தையும் ஒரே கம்பெனியா சேர்த்துட்டு நியூஸ்ரூம் மட்டும் தனித்தனியா வச்சுக்கிட்டாங்க. அதுவும் தாங்கல. ராக்கியோட ஓனர் ஸ்க்ரிப்ஸ் கம்பெனி 2008ல மட்டும் 1.6 கோடி டாலர் நஷ்டம்னு சொல்லி, வாங்க ஆள் கிடைக்காம, 2009 பிப்ரவரி 27ஆம் தேதி கடைசி இதழைப் போட்டு மூடுச்சு. 150ஆவது வருஷத்துக்கு ரெண்டு மாசம் கூட இல்ல. இருநூத்துக்கு மேல பத்திரிகையாளர்களுக்கு ஒரே நாள்ல வேலை போச்சு. இதை நான் இங்க சொல்றதுக்குக் காரணம், இது நிஜமாவே சரிவால செத்த பேப்பர், நஷ்டத்துல ஓடி, விக்கப் பாத்து, முடியாம மூடுனது. போஸ்ட்டுல அப்புறம் நடந்தது வேற ரகம்.

போஸ்ட்டோட ஓனர் அப்போ டீன் சிங்கிள்டன். 1987ல இந்த பேப்பரை வாங்குனவர், மீடியாநியூஸ் குரூப்னு நாடு முழுக்க பேப்பர் வாங்கிக் குவிச்சவர், 2006ல கலிபோர்னியாவுல சான் ஹோசே மெர்க்குரி நியூஸ் உட்பட பெரிய பேப்பர்களைக் கடன் வாங்கி வாங்குனார். செலவைக் குறைக்கிறதுல அவரும் லேசுப்பட்டவர் இல்ல, ஆனா பேப்பர் ஆபீஸுக்கு வந்து உக்கார்ற ஓனர், அந்த ஊர்க்காரர். வாங்குன நேரம்தான் தப்பா அமைஞ்சுது. விளம்பரம் விழுந்தப்போ கடன் மட்டும் அப்படியே நின்னுச்சு, 2010 ஜனவரில அவரோட தாய் கம்பெனி திவால் கோர்ட்டுக்குப் போயி 93 கோடி டாலர் கடனை 16.5 கோடியா குறைச்சுது, பதிலுக்குப் பெரும்பாலான பங்கு கடன் கொடுத்தவங்க கைக்குப் போச்சு. அங்கதான் ஆல்டன் குளோபல் கேப்பிடல்ங்கற நியூயார்க் ஹெட்ஜ் ஃபண்ட், அதாவது பணக்காரங்க பணத்தை வாங்கி லாபத்துக்காக முதலீடு பண்ற கம்பெனி, உள்ள நுழையுது.

ஆல்டனை 2007ல ஆரம்பிச்சவர் ராண்டால் ஸ்மித், நொடிச்சுப் போன கம்பெனிங்களோட கடன் பத்திரத்தை அடிமாட்டு விலைக்கு வாங்குறதுல பழம் தின்னு கொட்டை போட்டவர். அவர் கூட ஹீத் ஃப்ரீமேன், வயசுல இளையவர், பேப்பர் பிசினஸை நேரா பாத்துக்கிட்டவர். 2011ல ஜர்னல் ரிஜிஸ்டர்னு இன்னொரு பேப்பர் குரூப்பையும் வாங்கி, ரெண்டையும் சேர்த்து டிஜிட்டல் ஃபர்ஸ்ட் மீடியான்னு பேர் வச்சாங்க. ஆரம்பத்துல ஜான் பேட்டன்ங்கற சிஇஓ நிஜமாவே டிஜிட்டல் பக்கம் பணம் போட்டார், நாடு முழுக்க இருக்குற பேப்பர்களுக்குப் பொதுவா நியூயார்க்ல தண்டர்டோம்னு ஒரு நியூஸ் டெஸ்க் வச்சார், 2014 ஏப்ரல்ல அதை மூடிட்டாங்க. மொத்த குரூப்பையும் விக்கப் பாத்தாங்க, 2015ல அப்போலோங்கற முதலீட்டுக் கம்பெனியோட நடந்த பேச்சு நின்னு போச்சு. அதுக்கப்புறம் பேப்பர்களை வளக்குறதுக்கான திட்டம்னு ஒண்ணு வெளிய தெரியவே இல்ல.

இப்ப அந்த நியூஸ்ரூம் எப்படி இருந்துச்சுன்னு பாருங்க. 2012 ஜூலை 20ஆம் தேதி நள்ளிரவுல டென்வருக்குப் பக்கத்து அரோரா ஊர்ல ஒரு சினிமா தியேட்டர்ல துப்பாக்கிச் சூடு, 12 பேர் செத்தாங்க. போஸ்ட் ஆளுங்க அந்த ராத்திரியே களத்துல இறங்கி, ட்விட்டர், வீடியோ, பேப்பர் எல்லாத்துலயும் விடாம செய்தி கொடுத்ததுக்கு 2013ல, அமெரிக்கப் பத்திரிகைத் துறையோட பெரிய விருதான புலிட்சர் விருது வாங்குனாங்க. ராத்திரி ஒரு மணிக்கு ஒரு ஊர்ல பெருசா ஏதோ நடந்தா, அங்க ஓடறதுக்கு ஆள், போலீஸ்ல யாருக்கு போன் போடணும்னு தெரிஞ்ச ஆள், ஆஸ்பத்திரிக்கு ஒருத்தர், தியேட்டர் வாசலுக்கு ரெண்டு பேர், டெஸ்க்ல வதந்தியையும் உண்மையையும் பிரிக்க நாலு பேர் வேணும். இது முந்தின நாள் சேர்த்த ஆளை வச்சு நடக்கிற வேலை இல்ல, பத்து பதினஞ்சு வருஷம் அந்த ஊர் கோர்ட்டையும் ஸ்டேஷனையும் சுத்துன ஆளுங்க இருந்தாத்தான் நடக்கும். விருது வாங்கி அஞ்சு வருஷத்துல அந்த நியூஸ்ரூம் பாதிக்கும் கீழ வந்துடுச்சு. 2016ல ஆசிரியர் கிரெக் மூர் விலகிட்டார். 2018 தொடக்கத்துல நியூஸ்ரூமையே ஊர் நடுவுல இருந்து காலி பண்ணி, வடக்க ஆடம்ஸ் கவுண்டில (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) பேப்பர் அச்சடிக்கிற பிரஸ் இருக்குற எடத்துக்கு மாத்துனாங்க. டவுன்டவுன்ல அவங்க இருந்த 11 மாடிக் கட்டடத்துல இருந்து பாத்தா சட்டமன்றமும் நகராட்சி ஆபீஸும் கூப்பிடு தூரம், ரிப்போர்ட்டர் நடந்தே போயிட்டு வந்துடுவார். பிரஸ்ல இருந்து அங்க வர கார் எடுக்கணும். கேக்க சின்ன விஷயமா தெரியும், ஆனா சும்மா எட்டிப் பாத்துட்டு வர்றப்ப காரிடார்ல காதுல விழுற பேச்சுதான் பாதி செய்தி, பீட் பாத்தவங்க, அதாவது ஒரே துறையைத் தினமும் சுத்திச் செய்தி எடுத்தவங்க, யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

எனக்கு நிஜமாவே கோவம் வர்ற இடம் இதுக்கு அடுத்தது. இந்த வெட்டெல்லாம் நஷ்டத்தால நடந்துச்சுன்னா வருத்தப்பட்டுட்டுப் போயிடலாம். மீடியா பிசினஸை ரொம்ப வருஷமா அலசுற கென் டாக்டர், டிஜிட்டல் ஃபர்ஸ்ட் மீடியா 2017 நிதியாண்டுல சுமார் 16 கோடி டாலர் லாபம், 17 சதவீத லாப விகிதம் காட்டுச்சுன்னு அதோட உள் கணக்குகளை வச்சு 2018ல எழுதுனார். மத்த பேப்பர் கம்பெனிங்க தொட முடியாத விகிதம் அது. பேப்பர் தொழில் செத்துக்கிட்டிருக்குன்னு ஒரு பக்கம் சொல்லிக்கிட்டு, இன்னொரு பக்கம் அதே தொழில்லயே அதிக லாபம். எப்படின்னா ரகசியம் ஒண்ணும் இல்ல. ஆளை எடுத்தா சம்பளம் அந்த மாசமே மிச்சம், ஆனா வாசகன் சந்தாவை நிறுத்த வருஷக்கணக்காகும், அதுவும் முப்பது நாப்பது வருஷமா காலைக் காப்பியோட பேப்பர் படிச்சுப் பழகுன வயசானவங்க சட்டுனு விட மாட்டாங்க, பக்கம் குறைஞ்சாலும், சந்தா விலை ஏறுனாலும், கொஞ்ச நாள் பாத்துக்கிட்டுத்தான் இருப்பாங்க. அந்த இடைவெளிலதான் லாபம் நிக்குது. முதல் போடாம விளைச்சலை மட்டும் அறுத்துட்டுப் போற குத்தகைக்காரன் கணக்கு, நிலம் என்ன ஆனா அவனுக்கென்ன.

அந்த லாபம் பேப்பருக்குத் திரும்பி வந்துச்சான்னு பாத்தா அதுவும் இல்லன்னு ஒரு கேஸ் சொல்லுச்சு. டிஜிட்டல் ஃபர்ஸ்ட்ல நாலுல ஒரு பங்கு பக்கம் வச்சிருந்த சோலஸ்ங்கற இன்னொரு ஃபண்ட் 2018 மார்ச்ல டெலவேர் கோர்ட்ல வழக்கு போட்டுச்சு, பேப்பர்ல இருந்து வந்த கோடிக்கணக்கான டாலரை ஆல்டன் தன்னோட வேற முதலீட்டுக்குத் திருப்பி விட்டுச்சு, அதுல 15.8 கோடி டாலர் ஃபிரெட்ஸ்னு ஒரு மருந்துக்கடை செயின் பங்குல போச்சுன்னு. தப்பா எதுவும் பண்ணலன்னு ஆல்டன் மறுத்துச்சு, கேஸ் கடைசில சமரசத்துல முடிஞ்சுது. ஆனா ஃபிரெட்ஸ் 2019 செப்டம்பர்ல திவாலாச்சு. பேப்பர் ஊழியர்களோட பென்ஷன் பணம் 25 கோடி டாலர் பக்கம் ஆல்டன் தன்னோட சொந்த ஃபண்ட்கள்லயே போட்டு வச்சிருந்ததும், அதை அமெரிக்கத் தொழிலாளர் துறை விசாரிச்சதும் 2019ல வெளிய வந்துச்சு. போட்டோகிராபர் சம்பளத்துக்குக் காசு இல்லன்னு சொன்ன அதே கல்லாவுலதான் இவ்வளவும் நடந்திருக்கு.

இனி 2018 ஏப்ரலுக்கு வருவோம். போஸ்ட்டோட தலையங்கப் பக்கத்துக்குப் பொறுப்பா இருந்தவர் சக் பிளங்கெட். 30 பேரை வேலையை விட்டு எடுக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும், ஓனருக்குச் சொல்லாமயே ஞாயித்துக்கிழமை வர்ற கருத்துப் பகுதி முழுசையும் ஓனருக்கு எதிரா தயார் பண்ணார். பேப்பரைச் சுத்தி கழுகுங்க வட்டம் போடுது, டென்வர் போஸ்ட்டைக் காப்பாத்தணும்னு தலையங்கம். நல்ல பத்திரிகை நடத்த ஆல்டனுக்கு மனசு இல்லன்னா நடத்தக்கூடிய ஒருத்தர் கிட்ட வித்துட்டுப் போகட்டும்னு நேரடியாவே எழுதுனாங்க. பக்கத்துல ஒரு போட்டோ, 2013ல புலிட்சர் வாங்குன சமயத்துல மொத்த நியூஸ்ரூமும் சேர்ந்து எடுத்துக்கிட்ட குரூப் போட்டோ, அதுல அப்புறம் வேலையை விட்டுப் போனவங்க, எடுக்கப்பட்டவங்க எல்லாரையும் கருப்பு நிழலா ஆக்கிட்டாங்க. வரிசை வரிசையா கருப்பு உருவம், நடுவுல அங்கங்க சில முகம். நியூஸ்ரூம்ல எத்தனை பேர் குறைஞ்சாங்கன்னு எத்தனையோ தடவை எழுதியாச்சு, அந்த எண்ணு யாரையும் தொடல, இந்தப் படம் நாடு முழுக்கப் போச்சு. ஏப்ரல் 6ஆம் தேதி ஆன்லைன்லயும் 8ஆம் தேதி பேப்பர்லயும் வந்துச்சு. தன்னோட சொந்த ஓனரை இப்படி சொந்தப் பக்கத்துலயே தாக்குன பேப்பர் ரொம்ப அபூர்வம். கோலசியோப்போ அதை எடுக்கச் சொல்லலங்கறதையும் சொல்லணும், அந்த நாற்காலில உக்காந்துகிட்டு அது சாதாரண தைரியம் இல்ல.

அதுக்கப்புறம் வேகமா நடந்துச்சு. பக்கத்து போல்டர் ஊர்ல டெய்லி கேமரா பேப்பரும் ஆல்டனோடதுதான், அங்க தலையங்க ஆசிரியர் டேவ் க்ரீகர் இதே மாதிரி எழுத, பதிப்பாளர் போட மாட்டேன்னுட்டார், க்ரீகர் தானே அதை வெளிய போட்டார், அவரை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. அதைக் கண்டிச்சு பிளங்கெட் எழுதுன தலையங்கத்தை மேலிடம் நிறுத்துச்சு, மே மாசத் தொடக்கத்துல அவர் ராஜினாமா பண்ணார். அதே சமயத்துல சிங்கிள்டனும் போஸ்ட்ல தனக்கிருந்த மிச்சப் பொறுப்பை விட்டு விலகுனார். மே 8ஆம் தேதி டென்வர் பிரஸ் வாசல்லயும் நியூயார்க்ல ஆல்டன் ஆபீஸ் வாசல்லயும் ஊழியர்கள் நின்னு போராடுனாங்க. ஆல்டன் அசையல, விக்கவும் இல்ல.

போனவங்க சும்மா இருக்கல. லாரி ரிக்மேன், டேனா காஃபீல்டுன்னு சீனியர் எடிட்டர்கள் உட்பட போஸ்ட்ல இருந்து வந்த பத்து பேர் சேர்ந்து 2018 செப்டம்பர் 10ஆம் தேதி கொலராடோ சன்னு ஆன்லைன் செய்தித்தளம் ஆரம்பிச்சாங்க. 2021ல இன்னொரு அமைப்போட சேர்ந்து டென்வர் புறநகர்ல இருந்த 24 சின்ன பேப்பர்களை ஒரே குடும்பத்துக்கிட்ட இருந்து வாங்குனாங்க, வேற ஃபண்ட் கைக்குப் போயிடக் கூடாதுன்னு. 2023ல சன் லாப நோக்கமில்லாத அமைப்பா மாறிடுச்சு. நல்ல வேலை பாக்குறாங்க, சந்தோஷம்தான். ஆனா பத்து இருபது பேர் தளம் ஒரு முழு நியூஸ்ரூமுக்கு ஈடாகாது, அவங்களும் அப்படிச் சொல்லிக்கல.

ஆல்டன் பக்கம் என்ன சொல்றாங்கன்னும் பாக்கணும். நாங்க இல்லன்னா இந்த பேப்பர்ல பலது எப்பவோ மூடியிருக்கும், லாபம் வந்தாத்தான் பேப்பர் நிலைக்கும், நாங்கதான் இந்தத் தொழிலைக் காப்பாத்துறோம்ங்கறது ஃப்ரீமேனோட வாதம். கேக்க நியாயமா இருக்கும், ஆனா ஆல்டன் வித்த பேப்பர்களையும் அதோட பக்கத்து வீட்டுப் பேப்பர்களையும் எடுத்துப் பாருங்க. மாசசூசெட்ஸ்ல பெர்க்‌ஷயர் ஈகிள் பேப்பரை 2016ல அந்த ஊர்க்காரங்க சிலர் சேர்ந்து டிஜிட்டல் ஃபர்ஸ்ட் கிட்ட இருந்து வாங்குனாங்க, ஆளைக் கூட்டுனாங்க, பக்கத்தைக் கூட்டுனாங்க. மின்னசோட்டாவுல மினியாபொலிஸும் செயின்ட் பாலும் ஒட்டி ஒட்டி இருக்குற ரெட்டை நகரம், அதே வாசகன், அதே குளிரு, அதே இன்டர்நெட். மினியாபொலிஸ் ஸ்டார் ட்ரிப்யூனை 2014ல க்ளென் டெய்லர்ங்கற உள்ளூர்ப் பணக்காரர் வாங்குனார், நியூஸ்ரூம் இருநூறுக்கும் மேலயே நின்னுச்சு. செயின்ட் பால் பயனியர் பிரஸ் ஆல்டன் கைல, அங்க 60 பேர் பக்கம் வந்துடுச்சு. சரிவு மட்டும்தான் காரணம்னா ஆத்துக்கு இந்தக் கரைலயும் அந்தக் கரைலயும் இவ்வளவு வித்தியாசம் எப்படி வரும்?

உள்ளூர் ஓனர்னா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்ல வரல. யூட்டா மாநிலத்துல சால்ட் லேக் ட்ரிப்யூனை 2016ல பால் ஹன்ட்ஸ்மன் டிஜிட்டல் ஃபர்ஸ்ட் கிட்ட இருந்துதான் வாங்குனார், ஊரே கொண்டாடுச்சு, 2018 மே மாசம் அவரே நியூஸ்ரூம்ல இருந்த 90 பேர்ல 34 பேரை வேலையை விட்டு எடுத்தார். டென்வர்ல எடுத்ததை விட அதிகம். ஆனா அதுக்கப்புறம் என்ன பண்ணார்னு பாக்கணும், இந்தக் கணக்குல தனியார் லாபத்துக்கு இடமே இல்லன்னு ஒத்துக்கிட்டு 2019ல பேப்பரை லாப நோக்கமில்லாத அமைப்பா மாத்தி ஓனர்ஷிப்பை விட்டுக் கொடுத்தார். ரெண்டு பேரும் ஆளைக் குறைச்சாங்க, ஒருத்தர் பேப்பர் பொழைக்க, இன்னொருத்தர் பேப்பர்ல இருந்து பணத்தை எடுக்க. வேலை போனவருக்கு ரெண்டும் ஒரே வலிதான், அதுல சந்தேகமே இல்ல. ஊருக்கு ஒண்ணு இல்ல.

ஊருக்கு என்ன நஷ்டம்னு கேக்குறவங்களுக்குப் பணக் கணக்குலயே ஒரு பதில் இருக்கு. அமெரிக்காவுல நகராட்சி, கவுண்டி எல்லாம் பள்ளிக்கூடம் கட்ட, ரோடு போட கடன் பத்திரம் விட்டுத்தான் பணம் எடுக்கும். பெங்ஜி காவோ, சாங் லீ, டெர்மட் மர்ஃபின்னு மூணு நிதித்துறை ஆய்வாளர்கள், பேப்பர் மூடுன கவுண்டிகள்ல அந்தக் கடனோட வட்டி என்ன ஆச்சுன்னு பாத்தாங்க. கூடியிருந்துச்சு, கவனிக்க ஆள் இல்லாத நிர்வாகத்துக்குக் கடன் கொடுக்குறவன் கூடுதல் வட்டி கேக்குறான். சதவீதத்துல பாத்தா புள்ளிக்கு அப்புறம் வர்ற சின்ன எண்ணுதான், ஆனா பத்து கோடி டாலர் கடனுக்கு இருபது முப்பது வருஷம் கட்டணும்னா அது ரிப்போர்ட்டர் சம்பளத்தை விடப் பெருசு, கட்டுறது வரி கட்டுற அதே ஜனங்க. கவுன்சில் மீட்டிங்ல கடைசி வரிசைல நோட்டோட ஒருத்தர் உக்காந்திருக்கிறதுக்கு இவ்வளவு மதிப்பு.

ஆல்டன் அதோட நிக்கல. 2019ல கானெட்ங்கற இன்னொரு பெரிய பேப்பர் குரூப்பைக் கைப்பத்தப் பாத்து பங்குதாரர் ஓட்டுல தோத்துச்சு. 2021 மே மாசம் ட்ரிப்யூன் பப்ளிஷிங்கோட மிச்சப் பங்கை 63.3 கோடி டாலர் மதிப்புல வாங்கி சிகாகோ ட்ரிப்யூன் உட்படப் பெரிய பேப்பர்களைக் கையில எடுத்துச்சு, ஓட்டெடுப்பு முடிஞ்ச சில நாள்லயே தானா விலகுறவங்களுக்குப் பணம்னு அறிவிப்பு வந்துச்சு, பேர் தெரிஞ்ச பத்தி எழுத்தாளர்கள் கூட்டமா கிளம்பிட்டாங்க. அதுக்கு முன்னாடியே, ஆல்டன் அங்க பெரிய பங்குதாரரா இருந்த 2021 தொடக்கத்துல, சிகாகோலயும் நியூஸ்ரூமை பிரஸ் இருக்குற கட்டடத்துக்கே மாத்தியாச்சு, டென்வர்ல பண்ண அதே வேலை.

2025ல டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் மார்னிங் நியூஸ் பேப்பரை வாங்கவும் ஆல்டன் வந்துச்சு. ஹெர்ஸ்ட்ங்கற இன்னொரு பத்திரிகைக் கம்பெனிக்கு விக்கிறதுன்னு முடிவாகி இருந்த நேரம், ஆல்டன் ஒரு பங்குக்கு 20 டாலர் வரைக்கும் ஏத்திக் கேட்டுச்சு, ஹெர்ஸ்ட் கொடுத்தது 16.50. ஓட்டு அதிகாரம் கையில வச்சிருந்த ராபர்ட் டெக்கர்டு, அந்த பேப்பரை நடத்துன குடும்பத்து ஆள், ஆல்டனுக்கு விக்க மாட்டேன்னு சொல்லிட்டார், ஹெர்ஸ்ட் தான் வாங்குச்சு. பங்குக்கு மூணரை டாலர் கம்மின்னு தெரிஞ்சே எடுத்த முடிவு. டென்வர்ல 2010ல அப்படி முடிவெடுக்குற இடத்துல யாரும் இல்ல, பங்கு அதுக்குள்ள கடன் கொடுத்தவங்க கைக்குப் போயிருந்துச்சு. அதனால எந்த பேப்பர்ல எத்தனை பேரை வேலையை விட்டு எடுத்தாங்கன்னு நியூஸ் வர்றப்போ, அந்த எண்ணைப் பாக்குறதுக்கு முன்னாடி அந்த பேப்பருக்கு எவ்வளவு கடன் இருக்கு, யாருகிட்ட இருக்குன்னு நான் தேடிப் பாக்குறேன். டென்வர்ல 2018ல வெட்டுன வெட்டு எட்டு வருஷம் முன்னாடி அந்தத் திவால் கோர்ட் ஆவணத்துலயே ஆரம்பிச்சிருச்சு.